ஈர்ப்பு ஒளியை வளைப்பது எப்படி, அதை வைத்து வானியலாளர்கள் என்ன கண்டுபிடிக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒளிக்கு நிறையே இல்லையே, அதை ஈர்ப்பு எப்படி வளைக்கும்?

இந்தத் தலைப்பில் எல்லோருக்கும் முதலில் வரும் சந்தேகம் இதுதான், வரவும் வேண்டும். நாம் பள்ளியில் படித்தபடி, நிறையுள்ள இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று இழுக்கும் விசைதான் ஈர்ப்பு. ஒளித்துகளான போட்டானுக்கு நிறை கிடையாது. அப்புறம் சூரியன் எதைப் பிடித்து இழுக்கும்?

1915இல் ஐன்ஸ்டைன் முழுமையாக்கிய பொதுச் சார்பியல் கொள்கையில் இந்தச் சிக்கலே எழுவதில்லை. அங்கே ஈர்ப்பு இழுக்கும் விசை அல்ல. நிறையும் ஆற்றலும் தம்மைச் சுற்றியுள்ள வெளியையும் நேரத்தையும் வளைக்கின்றன. அந்த வளைவுக்குள் கிடைக்கும் மிக நேரான பாதையில் எல்லாம் போகின்றன. பூமத்திய ரேகையில் இருவர் சற்றுத் தள்ளித் தள்ளி நின்று, இருவருமே நேர் வடக்கே நடக்கத் தொடங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் இடமோ வலமோ திரும்பவில்லை. ஆனாலும் நெருங்கிக்கொண்டே போய் வடதுருவத்தில் சந்தித்துவிடுவார்கள். அவர்களை யாரும் இழுக்கவில்லை, நடந்த பரப்பு வளைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒளிக்கும் இதே நிலைதான். அதற்கு நிறை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே கணக்கிலேயே வராது.

அப்படியானால் நியூட்டனின் கணக்குப்படி ஒளி வளையவே வளையாதா?

வளையும், ஆனால் பாதிதான். பொருள்கள் தூரத்திலிருந்தே ஒளியை வளைக்குமோ என்ற கேள்வியை நியூட்டனே 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் எழுப்பியிருக்கிறார். ஒளியை வேகமாகப் பறக்கும் துகளாக வைத்துக்கொண்டு, சூரியனின் விளிம்பை உரசி வரும் கதிர் 0.84 வில்விநாடி வளையும் என்று ஜெர்மானிய வானியலாளர் சோல்ட்னர் 1801இல் கணக்குப் போட்டார். 1911இல் ஐன்ஸ்டைனுக்கும் ஏறக்குறைய அதே விடைதான் கிடைத்தது. கொள்கை முழுமையானபோது விடை அப்படியே இரட்டிப்பானது: 1.75 வில்விநாடி.

ஏன் இரட்டிப்பு? சூரியனுக்கு அருகே நேரம் சற்று மெதுவாக ஓடுகிறது. அதனால் ஒரு பாதி. வெளியும் வளைந்திருக்கிறது, அதனால் மறுபாதி. மெதுவாக நகரும் கோள்களுக்கு இரண்டாவது பாதி பொருட்படுத்த வேண்டாத அளவு சிறியது. ஒளியின் வேகத்தில் போகும்போது இரண்டும் சமமாகிவிடுகின்றன. வளைந்த வெளியை மட்டும் வரைந்து காட்டும் படங்கள் பாதி உண்மையைத்தான் சொல்கின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

அளவு எவ்வளவு சிறியது என்றும் தெரிய வேண்டும். ஒரு பாகையை 3,600ஆகப் பிரித்தால் ஒரு வில்விநாடி. முழுநிலவின் அகலம் சுமார் 1,800 வில்விநாடி. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்வைத்தான் அளந்தாக வேண்டும்.

இதை முதன்முதலில் எப்படி அளந்தார்கள்?

சூரியனுக்குப் பக்கத்தில் தெரியும் விண்மீனைப் பகலில் படம் எடுக்க முடியாது. முழு சூரிய கிரகணம் வேண்டும். 1914 ஆகஸ்டு கிரகணத்துக்காக கிரிமியா போன பிராயின்ட்லிக்கின் ஜெர்மானியக் குழு, முதல் உலகப்போர் மூண்டதால் ரஷ்யாவில் கைதாகி, கருவிகளையும் பறிகொடுத்தது.

அடுத்த நல்ல வாய்ப்பு 1919 மே 29. அன்று சூரியன் ஹயாடிஸ் என்ற விண்மீன் கொத்தின் முன்னால் நின்றது. மங்கலான பின்னணியில் நாலைந்து புள்ளிகளைத் தேடி அலைய வேண்டாம், பளிச்சென்று தெரியும் விண்மீன்கள் சுற்றிலும் இருந்தன. பிரிட்டனிலிருந்து இரண்டு குழுக்கள் கிளம்பின. வானியலாளர் எடிங்டனும் காட்டிங்ஹாமும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பிரின்சிபி தீவுக்குப் போனார்கள். குரோமெலினும் டேவிட்சனும் பிரேசிலின் சோப்ராலுக்குப் போனார்கள். பிரின்சிபியில் காலையிலேயே மழை. கிரகணத்தின்போதும் மேகம் விலகி விலகி மூடியது. 5 நிமிடத்துக்குள் எடுத்த 16 கண்ணாடித் தட்டுகளில் இரண்டில்தான் அளக்கத் தகுந்த விண்மீன்கள் விழுந்திருந்தன. சோப்ராலில் வானம் தெளிவாக இருந்தது. ஆனால் வெயில் சூட்டில் பெரிய தொலைநோக்கியின் குவியம் மாறிப்போனது. துணைக்கு எடுத்துப்போன 4 அங்குல வில்லைதான் காப்பாற்றியது.

படம் எடுத்ததோடு வேலை முடியவில்லை. சூரியன் அந்த இடத்தைவிட்டு நகர்ந்த பிறகு, அதே விண்மீன்களை இரவு வானில் மறுபடி எடுத்தால்தான் நகர்வை ஒப்பிட முடியும். அதற்காகவே சோப்ரால் குழு ஜூலை வரை அங்கேயே காத்திருந்தது. தட்டில் அவர்கள் தேடிய நகர்வு ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். கடைசியில் கிடைத்த விடைகள்: சோப்ரால் 1.98, பிரின்சிபி 1.61. நவம்பர் 6 அன்று லண்டனில் முடிவை அறிவித்தார்கள்.

எடிங்டன் தனக்குப் பிடித்த விடை வரும்படி தரவைத் தேர்ந்தெடுத்தார் என்கிறார்களே?

குவியம் கெட்டுப்போன அந்தப் பெரிய தொலைநோக்கி தந்த விடை 0.93. நியூட்டன் பக்கம் சாயும் எண் அது. அதை ஒதுக்கியதால்தான் இந்தக் குற்றச்சாட்டு. சந்தேகம் நியாயமானது. ஆனால் 1979இல் கிரீன்விச் ஆய்வகத்தில் அதே பழைய தட்டுகளை நவீன அளவிடும் இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒதுக்கப்பட்ட தட்டுகள் 1.55 என்ற விடையைத் தந்தன, பிழை வரம்பு 0.34. ஐன்ஸ்டைனின் 1.75 அதற்குள் அடங்குகிறது, நியூட்டனின் பாதி அடங்கவில்லை. அந்தத் தட்டுகளை ஒதுக்கியது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். 1922இல் ஆஸ்திரேலியாவின் வல்லாலில் லிக் ஆய்வகக் குழு எடுத்த படங்களும் அதையே உறுதி செய்தன.

சூரியனைச் சுற்றியுள்ள வாயுவில் ஏற்படும் ஒளிவிலகலாக இருக்கலாமே?

நல்ல சந்தேகம். ஒளிவிலகல் அலைநீளத்துக்கு ஏற்ப மாறும். ஈர்ப்பால் வரும் வளைவு மாறாது: ரேடியோ அலை, கண்ணுக்குத் தெரியும் ஒளி, எக்ஸ் கதிர் எல்லாவற்றுக்கும் ஒரே கோணம். 2002இல் காசினி விண்கலம் சூரியனுக்கு அப்பால் இருந்தபோது, வெவ்வேறு அதிர்வெண்களில் ரேடியோ அலை அனுப்பி, வாயுவின் பங்கைத் தனியே கழித்துவிட்டுப் பார்த்தார்கள். சூரியனால் அலைகளுக்கு ஏற்பட்ட தாமதம் பொதுச் சார்பியல் சொன்னதோடு ஒரு லட்சத்தில் சில பங்கு துல்லியத்துக்குப் பொருந்தியது. இன்று இது தினசரி நடைமுறை. 2025இல் பணி முடித்த கையா விண்கலம் விண்மீன்களின் இடத்தைக் குறித்தபோது, சூரியனுக்குச் செங்குத்தான திசையில் இருந்தவற்றுக்குக்கூட இந்தத் திருத்தத்தைச் செய்தே ஆக வேண்டியிருந்தது.

‘ஈர்ப்பு வில்லை’ என்கிறார்கள். கண்ணாடி வில்லை போலவா?

பெயர் ஒன்றுதான், நடத்தை வேறு. குவிவில்லையின் ஓரத்தில் படும் கதிர்தான் அதிகம் வளையும், அதனால் எல்லாம் ஒரு புள்ளியில் குவியும். ஒற்றை விண்மீன் போன்ற ஈர்ப்பு வில்லையில் தலைகீழ்: அதற்கு நெருக்கமாகப் போகும் கதிர்தான் அதிகம் வளையும். குவியப் புள்ளி என்று ஒன்று இல்லை. அதனால்தான் தெளிவான பிம்பத்துக்குப் பதில் வில், வளையம், இரட்டை, நான்கு என்று உருவங்கள் கிடைக்கின்றன. பின்னால் உள்ள பொருள், நடுவில் உள்ள நிறை, நாம், மூன்றும் துல்லியமாக ஒரே கோட்டில் வந்தால் முழு வளையம். சற்று விலகினால் வில்லாக உடையும்.

ஒன்றில் மட்டும் கண்ணாடி வில்லையைப் போலவே நடந்துகொள்கிறது: உருவத்தைப் பெரிதாக்குகிறது, அதனால் நமக்கு வந்து சேரும் ஒளியும் கூடுகிறது.

இந்த வளையம் கணக்கில் வந்தும் ஐன்ஸ்டைனுக்கு நம்பிக்கை இல்லை. விண்மீன் ஒன்று வில்லையாவதைப் பற்றி 1936இல் ஒரு சிறு கட்டுரை எழுதி, நேரில் பார்க்க வாய்ப்பு இல்லை என்றே முடித்தார். மறுவருடமே, விண்மீன் அல்ல, முழு கேலக்ஸியே வில்லையாகும், அது கண்டிப்பாகக் கண்ணில் படும் என்று வானியலாளர் சுவிக்கி எழுதினார். அவர் சொன்னதுதான் நடந்தது. 2025 பிப்ரவரியில் யூக்ளிட் விண்கலக் குழு அறிவித்த வளையம் நமக்கு 59 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள என்ஜிசி 6505 என்ற கேலக்ஸியைச் சுற்றி இருக்கிறது. 1884 முதல் தெரிந்த கேலக்ஸி அது. அதைச் சுற்றி, 442 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள இன்னொரு கேலக்ஸியின் ஒளி வளையமாகச் சூழ்ந்திருந்தது இத்தனை நாளும் யாருக்கும் தெரியவில்லை.

பக்கத்துப் பக்கத்தில் தெரியும் இரண்டு புள்ளிகள் ஒரே பொருள்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

1979இல் வால்ஷ், கார்ஸ்வெல், வைமன் மூவரும் அரிசோனாவின் கிட் பீக் மலையில் இரண்டு குவாசார்களை, அதாவது மிகத் தொலைவில் பிரகாசமாக ஒளிரும் கேலக்ஸி மையங்களை, ஆராய்ந்தார்கள். இரண்டுக்கும் இடைவெளி 6 வில்விநாடி. நிறமாலையை எடுத்தால் இரண்டும் அச்சு அசலாக ஒன்று, தொலைவைக் காட்டும் செம்பெயர்ச்சியும் 1.41 என்று ஒரே எண். இரண்டு தனித்தனிக் குவாசார்கள் இப்படி ஒத்துப்போவது நம்ப முடியாதது. நடுவில் ஒரு கேலக்ஸி இருப்பதும் பிறகு தெரிந்தது.

அதைவிடப் பலமான சாட்சி பின்னால் வந்தது. இரண்டு பிம்பங்களின் ஒளியும் வெவ்வேறு நீளமுள்ள பாதைகளில் வருவதால் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். 1994 டிசம்பரில் முதல் பிம்பம் சட்டென்று மங்கியது. அப்படியானால் இரண்டாவது 1996 பிப்ரவரியில் மங்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். சொன்னபடியே மங்கியது. தாமதம் 417 நாள்கள்.

கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளை இதை வைத்து எப்படி எடைபோடுகிறார்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

வானியலில் மற்ற அளவீடுகள் பெரும்பாலும் ஒளிர்வதையே நம்பியிருக்கின்றன. விண்மீன் எவ்வளவு பிரகாசம், வாயு எவ்வளவு சூடு, அதிலிருந்து நிறையை ஊகிப்போம். ஒளி வளைவது அப்படி அல்ல. பாதையில் இருக்கும் நிறை ஒளிர்கிறதா, சூடாக இருக்கிறதா, எந்தத் துகளால் ஆனது என்று அது பார்ப்பதில்லை. எவ்வளவு நிறை, எங்கே இருக்கிறது, அவ்வளவுதான். வளையத்தின் ஆரமும், முன்னால் உள்ளதன் தொலைவும், பின்னால் உள்ளதன் தொலைவும் தெரிந்தால், வளையத்துக்குள் அடங்கிய மொத்த நிறை நேரடியாக வந்துவிடும். கேலக்ஸிக் கொத்துகளில் இப்படிக் கிடைக்கும் நிறை, அங்குள்ள விண்மீன்களையும் வாயுவையும் கூட்டினால் வருவதைப்போலப் பல மடங்கு. மொத்தத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் கண்ணுக்குத் தெரியாதது.

‘கரும்பொருள் என்று ஒன்று இல்லாமல், ஈர்ப்பு விதியே தவறாக இருந்தால்?’ என்று கேட்கலாம். அதற்கான பதிலை புல்லட் கொத்தில் பார்க்கலாம். இரண்டு கேலக்ஸிக் கொத்துகள் ஒன்றையொன்று ஊடுருவிப் போன இடம் அது. மோதலில் சூடான வாயு ஒன்றோடொன்று உரசி நடுவிலேயே பின்தங்கிவிட்டது. சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி அதைப் படமெடுத்தது. சாதாரணப் பொருளில் பெரும்பங்கு இந்த வாயுதான். விதி மட்டும்தான் மாற வேண்டும் என்றால் ஒளி அதிகம் வளைவதும் வாயு இருக்கும் இடத்தில்தான் இருக்க வேண்டும். 2006இல் வெளியான வரைபடத்தில் அப்படி இல்லை. நிறையின் மையம் வாயுவைத் தாண்டி இரு பக்கமும் கேலக்ஸிகளோடு போய்விட்டிருந்தது. எதன்மீதும் உரசாமல் கடந்துபோகும் ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது. இந்த ஒரு படம் மாற்றுக் கொள்கைகள் அனைத்தையும் முடித்துவைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றின் வேலையை மிகக் கடினமாக்கிவிட்டது.

வில்லோ வளையமோ தெரியாத இடங்களில் என்ன செய்வார்கள்?

அங்கே கேலக்ஸிகளின் வடிவம் நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் நீளும். தனி ஒரு கேலக்ஸியைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது, ஏனென்றால் அது இயல்பிலேயே நீள்வட்டமாக இருக்கலாம். ஆயிரக்கணக்கில் சேர்த்துப் பார்த்தால், எல்லாம் ஒரே பக்கமாகச் சற்றே சாய்ந்திருப்பது தெரியவரும். 2000ஆம் ஆண்டில் இதை நான்கு குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. 2023 ஜூலையில் ஏவப்பட்ட யூக்ளிட்டின் முக்கிய வேலைகளில் இதுவும் ஒன்று: வானில் மூன்றில் ஒரு பங்கைப் படமெடுத்து, கரும்பொருள் எங்கெங்கே எப்படித் திரண்டது என்று வரைவது.

ஒரு சூப்பர்நோவா எப்போது தெரியும் என்று முன்கூட்டியே சொன்னார்களாமே?

ஆமாம், எனக்கு மிகப் பிடித்த நிகழ்வு இது. ஈர்ப்பு வில்லைக்குப் பின்னால் ஒரு சூப்பர்நோவா, அதாவது விண்மீன் வெடிப்பு, நேர்ந்தால் அதன் ஒளி வெவ்வேறு பாதைகளில் வெவ்வேறு நாளில் வந்து சேரும், அந்தத் தாமதத்தை வைத்துப் பேரண்டம் விரியும் வேகத்தை அளக்கலாம் என்று நார்வேயைச் சேர்ந்த ரெஃப்ஸ்டால் 1964இல் எழுதினார். அன்று அப்படி ஒன்றைக் கண்டவரே இல்லை.

2014 நவம்பரில் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களில், ஒரு கேலக்ஸியைச் சுற்றி ஒரே சூப்பர்நோவா நான்கு புள்ளிகளாகத் தெரிந்தது. அந்தக் கேலக்ஸியே ஒரு பெரிய கொத்துக்குள் இருந்ததால், கொத்தின் நிறை வரைபடப்படி அதே வெடிப்பு வேறோர் இடத்தில் மீண்டும் தெரிய வேண்டும், அதற்கு இன்னும் ஓராண்டு போல ஆகும் என்று பல குழுக்கள் கணக்கிட்டன. சொன்ன இடத்தை ஹபிள் அடிக்கடி பார்த்துக்கொண்டே இருந்தது. 2015 டிசம்பர் 11 அன்று புள்ளி வந்துவிட்டது. 900 கோடி ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்த ஒளி, ஓராண்டு தாமதத்தில் இன்னொரு வழியாக வந்து சேர்வதை முன்கூட்டியே சொல்ல முடிந்திருக்கிறது! அந்த சூப்பர்நோவாவுக்கு ரெஃப்ஸ்டாலின் பெயரையே வைத்தார்கள். அவர் 2009இல் காலமாகிவிட்டார்.

அந்தத் தாமதத்திலிருந்து பேரண்டம் விரியும் வேகம் தெரிந்துவிட்டதா?

எண் கிடைத்தது, சர்ச்சை தீரவில்லை. பேரண்டத்தின் ஆதி ஒளியிலிருந்து பிளாங்க் விண்கலம் கணித்த ஹபிள் மாறிலி, அதாவது பேரண்டம் விரியும் வேகத்தைக் குறிக்கும் எண், 67 சொச்சம் (ஒரு மெகாபார்செக், அதாவது சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு, தொலைவுக்கு விநாடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற அலகில்). அருகிலுள்ள விண்மீன்களையும் சூப்பர்நோவாக்களையும் வைத்து அளந்தால் 73 வருகிறது. ரெஃப்ஸ்டால் சூப்பர்நோவா 65, 66 பக்கம் சாய்ந்தது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023இல் கண்ட இன்னொரு சூப்பர்நோவா 75 என்றது. இரண்டிலும் பிழை வரம்பு பெரியது. தாமதத்தை நாள் கணக்கில் அளந்துவிடலாம். கொத்துக்குள் நிறை எப்படிப் பரவியிருக்கிறது என்பதில்தான் சிக்கல். அதைக் கொஞ்சம் மாற்றி வைத்தாலும் விடை நகர்ந்துவிடும். இன்னும் பல சூப்பர்நோவாக்கள் கிடைத்தால்தான் இது தெளியும். சிலியில் உள்ள ரூபின் ஆய்வகத்தை நம்பியிருப்பது அதற்காகத்தான்.

மிகத் தொலைவில் உள்ள ஒற்றை விண்மீனைக்கூடப் பார்க்க முடியுமா?

சாதாரணமாக முடியாது. ஆனால் ரெஃப்ஸ்டால் சூப்பர்நோவா தெரிந்த அதே கொத்துக்குப் பின்னால், இக்காரஸ் என்று செல்லப்பெயர் பெற்ற நீல நிற விண்மீன் ஒன்று 2,000 மடங்குக்கு மேல் பிரகாசமாக்கப்பட்டுத் தெரிந்தது. 2018இல் அறிவித்தார்கள். ஒளி புறப்பட்டது 900 கோடி ஆண்டுகளுக்கு முன்.

கோள்களைக் கண்டுபிடிப்பதும் இதே முறையில்தானா?

ஆமாம், இங்கே வில்லை ஒரு தனி விண்மீன். அது இன்னொரு விண்மீனின் முன்னால் நகர்ந்து போகும்போது, பிம்பங்கள் பிரிந்து தெரியாத அளவு நெருக்கமாக இருக்கும். ஆனால் பின்னால் உள்ளது சில வாரங்களுக்குப் பிரகாசமாகி மெல்லப் பழைய நிலைக்கு வரும். முன்னால் உள்ள விண்மீனுக்குக் கோள் இருந்தால், அந்த ஏற்ற இறக்கத்தில் சில மணி நேரமோ ஒரு நாளோ ஒரு சிறு மேடு எழும். 2006இல் அறிவிக்கப்பட்ட ஒரு கோள் பூமியைப் போல ஐந்தரை மடங்கு நிறை கொண்டது. ஒரே குறை, அந்த நிகழ்வு திரும்ப வராது. தவறவிட்டால் விட்டதுதான்.

விண்மீனே இல்லாத இருட்டான பொருளுக்கும் இது பலிக்கும். துணை எதுவும் இல்லாமல் தனியே அலையும் கருந்துளை ஒன்றை 2022இல் இப்படித்தான் அடையாளம் கண்டார்கள். அது சூரியனைப் போல 7 மடங்கு நிறை, சுமார் 5,000 ஒளியாண்டு தொலைவு.

2019இல் வந்த கருந்துளைப் படத்தில் தெரிந்த வளையமும் இதுவேதானா?

அடிப்படை ஒன்றுதான், வளைவு மட்டும் உச்சகட்டம். எம்87 கேலக்ஸியின் நடுவில் உள்ள கருந்துளை 650 கோடி சூரியன்களின் நிறை கொண்டது. அங்கே ஒளி அதைச் சுற்றியே வந்துவிடும். நடுவில் தெரியும் இருட்டு கருந்துளையின் உண்மையான எல்லை அல்ல. சுழலாத கருந்துளைக்கு அந்த நிழல் எல்லையைவிட 2.6 மடங்கு பெரிதாகத் தெரியும்.

சூரியனையே தொலைநோக்கியாகப் பயன்படுத்தலாமா?

கொள்கையளவில் முடியும். சூரியன் வளைக்கும் ஒளி ஒன்றுசேரத் தொடங்குவது பூமி–சூரியன் தூரத்தைப் போல 550 மடங்கு தள்ளி. 1977இல் கிளம்பிய வாயேஜர் 1 இன்னும் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தாண்டவில்லை. நம் வாழ்நாளில் எதிர்பார்க்க வேண்டாம்.

தொழில்முறை வானியலாளராக இல்லாதவர் இதில் ஏதாவது செய்ய முடியுமா?

தாராளமாக. 2017 ஆகஸ்டு 21 கிரகணத்தில் டொனால்ட் புரூன்ஸ் என்ற ஆர்வலர் தன் சொந்தத் தொலைநோக்கியையும் டிஜிட்டல் கேமராவையும் வைத்து எடிங்டன் சோதனையைத் திரும்பச் செய்தார். அவருக்குக் கிடைத்த விடை 1.75, பிழை 3 சதவீதம்.

கருவி எதுவும் இல்லாதவர்களுக்கு ‘ஸ்பேஸ் வார்ப்ஸ்’ திட்டம் இருக்கிறது. கணினி வடிகட்டித் தரும் படங்களை மனிதர்கள் பார்த்து ஈர்ப்பு வில்லைகளைத் தேர்ந்தெடுக்கும் திட்டம் இது. 2025 மார்ச்சில் வெளியான யூக்ளிட்டின் முதல் தொகுப்பிலிருந்து ஈர்ப்பு வில்லைகளாக இருக்கக்கூடியவை ஏறக்குறைய 500 இப்படிப் பட்டியலுக்கு வந்தன. தேட வேண்டியது இதுதான்: நடுவில் மஞ்சளோ சிவப்போ கலந்த உருண்டையான பழைய கேலக்ஸி, அதைச் சுற்றி நீல நிறத்தில் மெல்லிய வில். சுருள் கேலக்ஸியின் கைகளும் நீலமாகத்தான் இருக்கும், ஏமாந்துவிட வேண்டாம். கை நடுப்பகுதியிலிருந்து கிளம்பி வெளியே போகும். வில் நடுப்பகுதியைத் தொடாமல், அதை மையமாக வைத்து வளைந்திருக்கும்.